ஐந்து கியர் பின்னால், ஒரு கியர் முன்னால்

பெல்டன், ஒஹாயோ
ஆகஸ்ட் 27

அன்புள்ள மச்சான் டுவேனுக்கு,

வெண்டல் எழுதுவது. நீயும் கரோலினும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கரோலினின் முதுகுவலி குறைய வேண்டும் என்று கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் உன் அக்கா ஆர்லிஸும் உயிரோடும் கைகால்களோடும் இருக்கிறோம். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. சோளத் திருவிழா ஊர்வலத்தில் நடந்ததை யாரோ படமெடுத்து உனக்கு அனுப்பியதாகவும், நீ அதை ஒன்பது தடவை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அக்காவை அழைத்துப்போக வருவதாகவும் கரோலின் போனில் சொன்னாள். படத்தில் பாதிதான் தெரியும். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் முடிவதற்குள் ஆர்லிஸ் ஒரு தடவையாவது வீட்டை விட்டு வெளியே வராவிட்டால் கொலம்பஸில் உன் வீட்டுப் பக்கத்திலுள்ள முதியோர் விடுதியில் சேர்ப்பேன் என்று நீ சொன்னது நியாயம்தான். ஜனவரியில் பக்கவாதம் வந்து இடது காலும் வாயின் ஒரு ஓரமும் சோர்ந்துபோனதிலிருந்து, ஊரையே கூட்டி வைத்து விருந்து போட்டவள் ஜன்னல் திரையைக்கூட விலக்கவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. நீ அனுப்பிய சக்கர நாற்காலியில் துவைத்த துணிகளை அடுக்கி வைத்திருக்கிறாள். நான் யோசித்துப் பார்த்தேன். சக்கர நாற்காலியில் போகிறவளைப் பார்த்தால் இந்த ஊர் ஐயோ பாவம் என்னும். புல்வெட்டும் டிராக்டரில் போகிறவளைப் பார்த்தால் எஞ்சின் எத்தனை குதிரைச் சக்தி என்று கேட்கும். அவ்வளவுதான் என் திட்டம், இதில் என்ன பைத்தியக்காரத்தனம் இருக்கிறது சொல்.

எதிர்வீட்டு ஹார்லனிடம் ஏழு டிராக்டர்கள் இருக்கின்றன, ஒன்றும் ஓடாது. அவற்றில் மிகவும் ஓடாததை எனக்குக் கொடுத்தான். பிஸ்டன் துருப்பிடித்து உட்கார்ந்திருந்தது, அதை எண்ணெயில் ஒன்பது நாள் ஊறவைத்து, கட்டையால் தட்டித் தட்டி அசைத்து, அடைத்துப்போன கார்புரேட்டரை எலுமிச்சைச் சாற்றில் வேகவைக்க ஒரு பாத்திரம் தேடி அடுப்பிலேற்றினேன் பார், உன் அக்கா தடியை ஊன்றிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள். "வெண்டல், அது நான் சூப் வைக்கிற பானை. உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?" என்றாள். ஏழு மாதத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் பேரிங்கை அவளுடைய கேக் அடுப்பில் வைத்துச் சூடாக்கினேன், வேண்டுமென்றேதான். அதற்கு இன்னும் நீளமாகக் கிடைத்தது.

பிறகு புல் வெட்டும் தகட்டைக் கழற்றி எறிந்தேன், பழைய வேனிலிருந்து இரட்டை இருக்கை எடுத்துப் பொருத்தினேன், கிளட்சைக் கால்மிதியிலிருந்து கைப்பிடிக்கு மாற்றினேன், வேகத்துக்காக எஞ்சினில் பெல்ட் ஓடும் பெரிய புல்லிச் சக்கரம் போட்டேன், கிரீஸ் மாற்றப் பின் அச்சைப் பிரித்தேன், மூடினேன். அங்கேதான் சனி பிடித்தது. உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரத்தை வலப்பக்கம் பார்த்து வைப்பதற்குப் பதில் இடப்பக்கம் பார்த்து வைத்துவிட்டேன். ஜாக்கியில் தூக்கி ஓட்டிப் பார்த்தேன், சக்கரம் சுற்றியது, ஆனந்தக் கூத்தாடினேன். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்க, தீவன ஆலையில் நாற்பது வருஷம் இயந்திரம் ஓட்டிய எனக்குத் தோன்றவில்லை.

ஊர்வலத்தன்று ஹார்லன் தன் வண்டியில் டிராக்டரைச் சங்கிலி போட்டு இழுத்து ஏற்றிக்கொண்டு வந்தான். ஆர்லிஸை நான் கூட்டம் சேரும் முன்பே காரில் கூட்டிப்போய் இருக்கையில் உட்காரவைத்தேன். வாயைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முன்னால் தீயணைப்பு வண்டி, பின்னால் பள்ளிக்கூட பேண்டு. முதல் கியர் போட்டேன், வண்டி பின்னால் போனது. கியர் மாறிவிட்டது போலும் என்று இரண்டாவது போட்டேன், இன்னும் வேகமாகப் பின்னால் போனது. மூன்றாவதில் ஊதுகுழல்காரர்கள் சிதறி ஓடினார்கள், பெரிய மேளம் உருண்டது, நாங்கள் மெதடிஸ்ட் சபைப் பெண்கள் பழப் பலகாரம் விற்கும் மேசையில் போய் நின்றோம். அவுரிநெல்லிப் பலகாரம் ஏழு நசுங்கியது. நீ பார்த்த படம் இத்தோடு முடிகிறது.

அதற்குப் பிறகு உன் அக்கா பலகாரம் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு, "ரிவர்ஸைப் போடு, வெண்டல்" என்றாள். போட்டேன். முன்னால் போனது. பின் கியர் அல்லவா, ஆமை வேகம்தான். பேண்டு எங்கள் முதுகில் இடித்துக்கொண்டே வாசிக்க, கால்மணி நேர ஊர்வலம் முக்கால்மணி நேரம் நடந்தது. ஊரே எழுந்து நின்று கைதட்டியது. ஆர்லிஸ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், கைக்குட்டை எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது.

ஆனால் அன்று ராத்திரியிலிருந்து மறுபடி வாயை மூடிக்கொண்டாள். மூன்று நாளாக ஒரு வார்த்தை இல்லை. சிரிப்பு அடங்கியதும் அவமானம் உறைத்திருக்கும். சந்தி சிரிக்கவைத்துவிட்டேன், டுவேன். நீ சொல்வதுதான் சரி. கரோலினின் போன் வந்த அன்று ராத்திரியே அவளுடைய பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டேன், பழுப்பு கோட்டு மேலே இருக்கிறது. ஹார்லனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று அச்சைப் பிரித்துச் சரியாகப் பூட்டியும்விட்டேன். அவள் இல்லாமல் இந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை. ஆனாலும் அவள் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வா.

உனக்கும் கரோலினுக்கும் ஆண்டவர் ஆரோக்கியமும் சமாதானமும் தருவாராக.

உன் அக்காள் கணவன்,
வெண்டல்

பி.கு.: உறையை ஒட்டும்போது கொட்டகையில் எஞ்சின் சத்தம் கேட்டது. ஓடினேன். ஆர்லிஸ் தடியை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுகிற பக்கம் உட்கார்ந்திருந்தாள். பழுப்பு கோட்டு போட்டிருந்தாள். "என் பெட்டியைக் கட்டச் சொல்லி நான் உன்கிட்ட கேட்டேனா?" என்றாள். மூன்று நாள் கோபம் அதுதானாம், ஊர்வலம் இல்லையாம். எங்கே கிளம்பிவிட்டாய் என்றேன். முடி வெட்டிக்கொள்ள, அதற்குப் பிறகு எங்கே என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றாள். கிளட்ச் கைப்பிடியை விட்டாள், வண்டி நேராக முன்னால் போனது. தெருமுனையில் திரும்பும்போது கத்திச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "டுவேன் வர்றதா இருந்தா வரட்டும். ஆனா நான் வீட்டுல இருப்பேனான்னு போன் பண்ணிக் கேட்டுட்டு வரச் சொல்லு."