புலிமேட்டுக்கு ரோடு வந்த கதை

ஒரு காட்டில், அதாவது முந்தாநாள் வரைக்கும் காடாக இருந்து நேற்றுக் காலையில் 'புலிமேடு நகர் விரிவாக்கம்' என்று போர்டு மாட்டிக்கொண்ட இடத்தில், வேலப்பன் என்றொரு முயல் வாடகை வளையில் குடியிருந்தான். பட்டா இல்லாமல் சொந்த வளை தோண்டக் கூடாது என்பது காட்டுச் சட்டம். பெண்டாட்டி பேர் பூவாத்தாள். குட்டிகள் நாலு, நாலும் பால்குடி. வீட்டுக்காரர் செங்கோடன் ஒரு பெருச்சாளி. பதினேழு வளை தோண்டி, ஒன்றில் தான் இருந்துகொண்டு பதினாறை வாடகைக்கு விட்டிருந்த மகராசன். மாசம் முப்பது கேரட். அக்ரிமெண்ட் பேப்பர் ஒன்று இருந்தது, அதை அவரே கொறித்துத் தின்று ரொம்ப நாளாகிவிட்டது.

வேலப்பனுக்குக் கிடைப்பதே மாசம் எழுபது கேரட். அதில் யானைக்கு வேறு அழ வேண்டும், ஒரு தும்பிக்கை தண்ணி மூன்று கேரட்!

இவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். மனு எழுதுவான். வீட்டு முன்னால் காது மூழ்குகிற சேறு. திங்கட்கிழமை தவறாமல் சிங்க ராஜாவின் மனுநாளில் வரிசையில் நின்று, "ரோடு போட்டுக் குடுங்க சாமி" என்று கும்பிடு போட்டான். பதினோராவது திங்கட்கிழமை ராஜா தூக்கக் கலக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ரோடு வந்தது! வேலப்பன் தெருவுக்கே முட்டைக்கோஸ் இலை கொடுத்துக் கொண்டாடினான்.

மறுநாள் காலையில் செங்கோடன் வந்தார். புது ரோட்டில் வாலை இழுத்து இழுத்து நடந்து பார்த்தார்.

"வழுவழுன்னு இருக்குதுங் தம்பி. இந்த மாசத்திலிருந்து நாப்பத்தஞ்சா குடுத்துருங்."

"ரோட்டக் கொண்டாந்ததே நானுங்களே!"

"அதனாலதானுங் அம்பது கேக்கல."

அடுத்த மாசம் பக்கத்து வீட்டு ஓணான் தன் பங்குக்கு ஒரு மனு போட்டு, தெருமுனைக்கு மின்மினி விளக்கு வாங்கிவிட்டான். வாடகை அறுபது. "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று பூவாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். மிச்சம் பத்து கேரட்டில் தண்ணி வாங்குவதா, தின்பதா? குட்டிகளுக்குப் பால் கொடுக்கிறவளே கேரட் தோலைத்தான் தின்றாள். அதை வேலப்பன் பார்த்தான்.

'ஏத்தினதை இறக்கவும் தெரியும்டா எனக்கு' என்று கிளம்பினான். உச்சி வெயிலில் ஊரே வாய் பிளந்து தூங்கும்போது, தன் வீட்டுக்கு நேர் எதிரே ரோட்டைத் தோண்ட ஆரம்பித்தான். முயலுக்குத் தோண்டச் சொல்லித் தரவா வேண்டும்? மூன்று நாளில் பெரிய குழி. ஒரு காட்டெருமை அதில் விழுந்து எழுந்து, ராஜாவின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டிவிட்டுப் போனது.

செங்கோடன் குழியைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"முப்பதே குடுங் தம்பி."

அன்றைக்குப் பூவாத்தாள் முழுசாக ஒரு கேரட் தின்றாள்.

ஆனால் 'புலிமேட்டில் வாடகை வெறும் முப்பதாம்' என்ற சேதி ஓணான் வாயில் விழுந்தது. அவன் வாயில் விழுந்தது ஊர் வாயில் விழாமல் இருக்குமா? நாலு காட்டிலிருந்தும் சட்டி பெட்டியோடு வந்து இறங்கினார்கள். செங்கோடன் வாசலில் வரிசை, வரிசைக்கு டோக்கன்.

"இத்தன பெரிய குழி இருந்தும் இத்தன பேரு வர்றாங்கன்னா, இந்த ஏரியாவுல என்னமோ இருக்குதுங்" என்றார் செங்கோடன். "இனி எழுபத்தஞ்சு. முடியலீன்னா வெள்ளிக்கிழம காலி பண்ணிருங். முள்ளம்பன்றி அட்வான்சே குடுத்துட்டாரு."

வேலப்பன் நாயாய் அலைந்தான். புரோக்கர் குரங்கு, "குட்டிக இருந்தா எடமில்லீங்க" என்று கையை விரித்தது. சொந்த வீடு எப்படி என்று ஆமையிடம் கேட்டான். "லோனுதான் தம்பி. இன்னும் நூத்தியெண்பது வருசம் கட்டோணும். முதுகப் பாத்தீங்களா?" என்றது ஆமை. வேலப்பன் பார்த்தான், ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்த வழியே நடந்தான்.

வெள்ளிக்கிழமை சட்டிபானை தெருவுக்கு வந்தது. மேலே மழை மேகம். குட்டிகள் நாலும் வீல் வீல் என்று கத்தின. "என்னாலதான் பூவாத்தா, எல்லாம் என்னாலதான்" என்று வேலப்பன் குழியோரம் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

அப்போது சாலை இலாகா கரடி வந்தது. குழியைச் சுற்றி நாலு கம்பு நட்டது, கயிறு கட்டியது, மேலே தார்ப்பாய் விரித்தது. 'பணி நடைபெறுகிறது' என்று ஒரு போர்டையும் வைத்தது.

வேலப்பன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எப்பங்க மூடுவீங்க?" என்றான்.

கரடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "வேலைக்கு வந்து பத்தொம்பது வருசமாச்சு தம்பி. போர்டு வெப்பேன். ஒண்ணயும் மூடுனதில்ல."

பூவாத்தாள் குட்டிகளை வாரி எடுத்தாள். "எறங்குங்க" என்றாள்.

"யாராச்சும் கேட்டா?"

"பணி நடக்குதுன்னு சொல்லுங்க!"

இறங்கினார்கள். மழை கொட்டியது, தார்ப்பாய் தாங்கியது. நல்ல நேரம் பார்த்துப் பாலும் காய்ச்சினார்கள். வேலப்பனின் பேரன் பேத்திகள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள். நடுவில் ஒரு தடவை இலாகாவிலிருந்து ஆள் வந்தது. போர்டுக்கு வர்ணம் அடித்துவிட்டுப் போனது.

நீதி: வீட்டுக்காரன் என்றைக்கு இருந்தாலும் காலி பண்ணச் சொல்லுவான், குழி மூடுகிறவன் வரவே மாட்டான். யாரை நம்பிக் குடித்தனம் வைக்கலாம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.