கொக்கு சார் சுருக்கிய கையேடு

ஒரு காட்டில் கோடை வந்து ஓடை வற்றியதும், தலைவர் புலி ஆழ்துளைக் கிணறு போட்டு ஒரு மோட்டாரும் வைத்துக் கொடுத்தது. அதை ஓடவிட ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி. அந்தப் பெட்டியை எப்படிக் கையாள்வது என்று எழுதித்தர ஆள் தேவைப்பட்டது.

காட்டுக் கல்லூரியில் கருவிகளுக்குக் கையேடு எழுதக் கற்றுத்தரும் படிப்பு ஒன்று உண்டு. கடைசி வருடத்தில் ஒவ்வொரு மாணவரும் தொழிலில் இருக்கும் ஒருவரின் வழிகாட்டலில் ஒரு கையேடு எழுத வேண்டும். வழிகாட்டி கையெழுத்துப் போட்டால்தான் பாஸ். மோட்டார் கையேடு மங்கையர்க்கரசி என்ற கீரிக்கு வந்தது. அவளுக்கு வாய்த்த வழிகாட்டி வைத்தியலிங்கம் என்ற கொக்கு. கையேட்டுத் துறையில் பெரிய பெயர். என்ன எழுதினார் என்று கேட்டால் மட்டும் யாருக்கும் சட்டென்று ஞாபகம் வராது.

மங்கை உயிரைக் கொடுத்து எழுதினாள். வயர் இழுத்த மரங்கொத்தியிடம் போய்ச் சந்தேகம் கேட்டாள். தண்ணீர்த் தொட்டிக்கு யார் யார் எப்படி வருகிறார்கள் என்று நின்று பார்த்தாள். எருமைகள் சேற்றில் ஊறிவிட்டுச் சொட்டச் சொட்ட வருவதைப் பார்த்ததும், "உடம்பு ஈரமாக இருந்தால் பெட்டியைத் தொடாதீர்கள், ஷாக் அடிக்கும்" என்று முதல் வரியாகவே எழுதினாள்.

கொக்கு குளத்தில் நின்றிருந்தார். மீன் வரும் நேரம். அதிகம் பேசினால் மீன் ஓடிவிடும்.

"சுருக்கு," என்றார்.

மங்கைக்கு மெய்சிலிர்த்தது. எவ்வளவு பெரியவர், ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாரே! பாதியாகச் சுருக்கிக்கொண்டு வந்தாள்.

"சுருக்கு."

இப்படியே போய்ப் போய் இரண்டு வரிதான் மிஞ்சியது. பச்சைப் பொத்தானை அழுத்துக. ஈரமாக இருந்தால் தொடாதீர்கள்.

"சுருக்கு."

"சார், ரெண்டாவது வரி கண்டிப்பா வேணும் சார். எருமைங்க எல்லாம்..."

கொக்கு முதல்முறையாகத் தலையைத் திருப்பினார். "இதோ பாரும்மா. என்ன செய்யணும்னு சொல்றதுதான் கையேடு. என்ன செய்யக் கூடாதுன்னு சொல்ல ஆரம்பிச்சா அதுக்கு முடிவே கிடையாது. எருமைக்கு இதுகூடவா தெரியாது?"

அதற்குள் ஒரு விரால் நழுவி ஓடிவிட்டது. அந்தக் கோபத்தில் கொக்கு அலகாலேயே இரண்டாவது வரியைக் கிழித்தார். முதல் வரியிலும் பாதியைக் கிழித்தார். மீதி இருந்தது ஒரே சொல்: அழுத்துக. அதன் கீழே கையெழுத்துப் போட்டார். கையெழுத்து கையேட்டைவிட நீளமாக இருந்தது.

மங்கைக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் பாஸாக வேண்டுமே. வாங்கிக்கொண்டு போய்ச் சட்டம் போட்டுப் பெட்டிமேல் மாட்டினாள்.

காட்டில் யாரும் அதைப் படிக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் குரங்கைக் கூப்பிட்டார்கள். அது ஒரு காய்ந்த குச்சியால் எட்டி அழுத்தியது. ஒரு மத்தியானம் குரங்கைக் காணோம். சேற்றிலிருந்து எழுந்து வந்த சுடலைமுத்து என்ற எருமை பெட்டி முன்னால் நின்று, நிதானமாகப் படித்து, மூக்கால் அழுத்தியது. அடுத்த கணம் தொட்டிக்கு அந்தப்பக்கம் போய் விழுந்தது.

மங்கை பதறி ஓடினாள். வேப்பமரத்தடியில் மூக்கில் பச்சிலைக் கட்டோடு எருமை படுத்திருந்தது.

"நான் படிச்சிட்டுத்தான் தாயி அழுத்துனேன்," என்றது. "வேற ஏதும் எழுதியிருக்கான்னு பெட்டிக்குப் பின்னாடிகூடப் போய்ப் பாத்தேன்."

அவளால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்படியே புலியிடம் போனாள்.

"ஐயா, அதுல ஒரு எச்சரிக்கை இருந்தது. நாங்கதான் எடுத்துட்டோம். தப்பு எங்க மேல."

புலி சட்டம் போட்ட கையேட்டை வரவழைத்துப் பார்த்தது. "இதுல எழுத்துப்பிழை இருக்கா?"

"இல்லைங்க ஐயா."

"இல்லாத வரியை நான் எப்படிம்மா விசாரிக்கிறது? சரி, வேற யாருக்காவது ஷாக் அடிச்சதா?"

"இல்லைங்க. வேற யாரும் படிக்கலை."

புலி வெகுநேரம் யோசித்தது. பிறகு தீர்ப்புச் சொன்னது. கையேட்டில் குற்றமில்லை. குற்றம் படித்ததில்தான். இனி யாரும் படித்துவிடாதபடி கையேட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். ஈரத்தோடு வருபவர்களிடம் தொடாதீர்கள் என்று வாயால் சொல்ல, பெட்டியருகே ஓர் ஆளை நிரந்தரமாக நியமிக்க வேண்டும். அந்த வேலை மங்கைக்கே கிடைத்தது.

படித்து முடித்த கையோடு மாணவிக்கு வேலை வாங்கிக் கொடுத்ததற்காக, அந்த ஆண்டின் சிறந்த வழிகாட்டி விருது வைத்தியலிங்கத்துக்குப் போனது. விழாவில் அவர் சுருக்கத்தின் அருமையைப் பற்றி, கூட்டம் எழுந்து போகும்வரை பேசினார். மங்கையால் அதைக் கேட்கப் போக முடியவில்லை. வெயிலில் நின்று, வந்த எருமைக்கெல்லாம் அந்த ஒரு வரியைத் தொண்டை கட்டும் அளவுக்குக் கத்திக்கொண்டிருந்தாள்.

நீதி: எந்தக் கருவியையும் கையேட்டைப் படித்துவிட்டுத் தொடாதீர்கள், படிக்காமல் தொட்டவர்களுக்கு இதுவரை ஒன்றும் ஆனதில்லை.