மாமனாரின் ஒரே ரிக்கார்டு

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. பெர்மாஸ் ஜெயாவில் வசந்தனின் எதிர்வீட்டுக்காரன் நான். நடந்ததையெல்லாம் நாற்காலி போட்டுப் பார்த்தவன். சந்தேகப் பிராணிகளுக்காக, இந்தக் கதையில் வரும் ரிக்கார்டின் மேலேயே வலது கையை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வசந்தனின் புது டர்ன்டேபிள் சுற்ற மறுத்தது.

விலை குறைந்த ரகம். சின்ன மோட்டார், அதிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட், பெல்ட் இழுத்தால் மேலே ரிக்கார்டு வைக்கும் வட்டம் சுற்றும், அவ்வளவுதான். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே மூன்று வருடம் வசந்தன் ஏங்கிய சாமான். மனைவி கஸ்தூரி ஒரே நிபந்தனையில் சம்மதித்திருந்தாள்.

"எங்கப்பா ரிக்கார்டுதான் மொதல்ல பாடணும். பாடலன்னா சாயந்திரமே கடையில திருப்பிக் கொடுத்துடணும். அந்த எடத்துல செருப்பு அலமாரி வைக்கப் போறேன்."

அப்பா அய்யாவு வாலிபத்தில் சிங்கப்பூர் போய் ஒரு பாட்டுப் பாடி ரிக்கார்டு போட்டவர். உலகத்தில் ஒரே பிரதி. அதைப் போட மெஷின் இல்லாததால் நாற்பது வருடமாக யாரும் கேட்டதில்லை. கேட்காதவர்கள் அத்தனை பேரும் பிரமாதம் என்று சொல்லியிருந்தார்கள். அதைக் காரில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஆயர் ஈத்தாமிலிருந்து மனைவி அங்கம்மாவோடு வந்து இறங்கியிருந்தார்.

வாங்கியபோதே வசந்தனின் கை கீழே இறங்கியது.

"என்ன மாமா, இவ்ளோ கனம்?"

"அந்தக் காலத்து சாமான் மாப்பிள்ளை. இப்ப வர்றதெல்லாம் அப்பளம்."

"பாத்து, கீழ போட்டுடாதீங்க," என்றார் அங்கம்மா. "கஷ்டமா இருந்தா விட்டுடுங்களேன். டீ குடிக்கலாம்."

வசந்தன் விடவில்லை. வைத்தான். மோட்டார் முனகியது. வட்டம் அசையவில்லை.

காரணத்தை அய்யாவு உடனே கண்டுபிடித்தார்.

"பூசை போட்டீங்களா?"

"மாமா, இது பாட்டு மெஷின்."

"மோட்டார் இருக்கா? பெல்ட் இருக்கா? சக்கரம் சுத்துதா? அப்ப வண்டிதான்."

மாமனார் பேச்சுக்கு மறுபேச்சு ஏது? பாட்டுப் பெட்டியின் நான்கு கால்களுக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழம் வந்தது. கஸ்தூரி சூடம் காட்டினாள். வசந்தன் பெட்டியை முன்னுக்குத் தள்ளினான். இரண்டு பழம் ஒழுங்காக நசுங்கியது. மூன்றாவது நேராக பெல்ட்டில் பீச்சியடித்தது. நான்காவது நசுங்க மறுத்துவிட்டதால் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. சகுனம் என்று அதை யாரும் எடுக்கவில்லை.

வசந்தன் ஊசியை வைத்து, வட்டத்தை விரலால் ஒரு தள்ளுத் தள்ளினான்.

"கர்ர்ர்ர்..."

"சுருதிப் பெட்டி," என்று அய்யாவு கண்ணை மூடிக்கொண்டார். "இப்ப நான் வருவேன் பாருங்க."

அவர் வருவதற்குள் பெல்ட் வழுக்கி நின்றுவிட்டது.

வசந்தன் தன் ஷிப்டிலேயே வேலை செய்யும் ரூபேந்திரனைக் கூப்பிட்டான். அவன் தன் மனைவியின் தையல் மெஷின் பெல்ட்டோடு வந்து, பழைய பெல்ட்டை மோந்து பார்த்தான்.

"அலமாக்! சர்பத் ஊத்துனா பெல்ட் வழுக்காம என்ன மச்சான் செய்யும்?"

புது பெல்ட்டை இறுக்கி மாட்டி சுவிட்சைப் போட்டான். இங்கேதான் நீங்கள் என்னை நம்ப வேண்டும். ரிக்கார்டு இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் கீழே பெட்டி சுற்றத் தொடங்கியது.

கரண்ட் வயர் முறுக்கிக்கொள்ளக் கூடாதே என்று வசந்தன் வயரைப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றி ஓடினான். ஒன்பதாவது சுற்றில் கஸ்தூரி சொன்னாள்:

"கோயில்ல கூட நீங்க இத்தன சுத்து சுத்துனதில்ல."

"மெஷின்ல வேகம் இருக்கு," என்றார் அய்யாவு. "நிதானம்தான் பத்தல."

"பாவம், மூச்சு வாங்குது அவருக்கு. போதும், விடுங்க," என்றார் அங்கம்மா. அவர் அதற்குள் நான்கு முறை டீ போட்டிருந்தார்.

ரூபேந்திரன் பெட்டிக்கு இரு புறமும் அரிசி மூட்டையை அண்டக் கொடுத்தான். இப்போது ரிக்கார்டு சுற்றியது. ஆனால் ஊசி துள்ளித் துள்ளி வெளியே குதித்தது. ஊசித் தலையில் ஒரு ஐம்பது சென் காசு வைத்தான். குதித்தது. கேட் பூட்டைக் கொண்டுவந்து வைத்தான்.

நெருப்புப் பொறி பறந்தது. இரண்டு பொறி தெருவைத் தாண்டி என் வேட்டிவரை வந்தது.

அய்யாவுக்குக் கண்ணீர் பெருகியது. "அந்த எடத்துல குரல ஒரு தூக்குத் தூக்குவேன்."

"தீப்பொறி மாமா," என்றான் ரூபேந்திரன், பெரியவர் மனசு நோகாமல். கஸ்தூரியும் தலையாட்டினாள்.

ஊசி முறிந்தது. மோட்டார் ஒரு கெட்ட வாடையை விட்டுவிட்டு அடங்கியது.

"அப்பா தொண்டைக்குத் தாங்கற மெஷின் இது இல்ல," என்று கஸ்தூரி தீர்ப்புச் சொன்னாள். "கெளம்புங்க கடைக்கு."

கடைக்கார தவுக்கே பெட்டியைத் திறந்து, முகர்ந்து, "இது என்ன, ஊறுகாயா?" என்று மலாயில் கேட்டு மூடிக் கொடுத்துவிட்டார். வசந்தன் திரும்பி வந்து, அழாத குறையாகக் கைப்பேசியில் தன் மதிப்பீட்டை எழுதினான்: 'மோட்டார் சோதா. பெல்ட் சோதா. ஊசி படு சோதா. ஒரு நட்சத்திரம்.' அவன் ஆசையாக வாங்கி வைத்திருந்த பன்னிரண்டு ரிக்கார்டுகளும் உறை பிரிக்காமல் பரண் ஏறின. பெட்டியின் மேல் கஸ்தூரியின் செருப்பு ஏறியது. அலமாரி வரும்வரை என்றாள்.

அய்யாவு புறப்படும்போது நான் தெருவைத் தாண்டிப் போய், இதை எழுதப் போகிறேன், சத்தியம் செய்ய ரிக்கார்டைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டேன். பெருமையோடு கொடுத்துவிட்டு காரை எடுக்கப் போனார். நான் கையை வைத்து, கண்ணை மூடி, சத்தியம் சொல்லி முடித்தேன்.

அங்கம்மா அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"கைய எடுங்கண்ணே. ரிக்கார்டு மேல நான் பத்து வருஷத்துக்கு முந்தியே உக்காந்து ஒடச்சிட்டேன். நடுவுல ஒட்டியிருக்கற காகிதம் மட்டும்தான் அசல். மிச்சம், எங்க ஊரு பானைக் கடையில சொல்லிச் சுட்ட மண்ணு."