எடை மெஷினும் ஈச்சவெல்ல சந்தேஷும்

இந்தக் குளிர்காலத்தில் ஈச்சவெல்ல சந்தேஷ் சாப்பிட்டே தீருவது என்று முடிவு செய்தேன். பால்திரட்டில் புது ஈச்சவெல்லம் சேர்த்துச் செய்யும் இந்த வங்காள இனிப்பு குளிர்காலத்தில்தான் கிடைக்கும். நான் சுந்தரேசன். கல்கத்தாவில் கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் எல்லாரையும் அதட்டி ரிடையரானவன். வீட்டில் அதட்டுவது என் மனைவி அனந்தலக்ஷ்மி.

அவள் ஒரு நிபந்தனை போட்டாள். பிரஷர் மாத்திரைக்காகக் கிளினிக் போகும்போது என் எடை எண்பதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இந்த சீசன் முழுக்க சந்தேஷ் கிடையாது.

பவானிபூரில் அதே கிளினிக்கில் இருந்த பழைய டாக்டரை நினைத்தால் இப்போதும் மனசு என்னவோ செய்கிறது. மனுஷர் எடையே பார்க்க மாட்டார். நாடியைப் பிடித்து, ரொம்ப இளைத்திருக்கிறாய், இனிப்பு சாப்பிடு என்பார். எங்களுக்குக் கல்யாணமான புதிசு. நேரே மூலைக் கடைக்குப் போய் ஒரே இலையில் சந்தேஷ் வாங்கி, பெரிய துண்டு யாருக்கு என்று சண்டை போட்டுக்கொண்டே மெட்ரோ வரை நடப்போம். அந்த நாளெல்லாம் எங்கே போச்சோ.

இப்போது அங்கே அவர் மகன் டாக்டர். எல்லாம் கம்ப்யூட்டர். எடையைப் பதியாமல் மருந்து எழுதப் போனால் திரையில் சிவப்புக் கட்டம் வந்து மறிக்கிறது. நானே ஒரு எடையைச் சொல்லிப் பார்த்தேன். நர்ஸ் மாதவி சிரித்துவிட்டு மெஷினைக் காட்டினாள். அனந்தலக்ஷ்மி அறை வாசல் பெஞ்சில், காய்கறிப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, வாரப் பத்திரிகையும் கையுமாக இருந்தாள். மெஷினில் ஏறினேன். பக்கத்து மேஜையில் ஒரு கையை ஊன்றினேன். கொஞ்சம் அழுத்தியே ஊன்றிவிட்டேன் போலிருக்கிறது. எழுபத்தொன்று.

கம்ப்யூட்டர் மறுபடி சிவந்தது. போன வருஷம் எண்பத்துமூன்று இருந்த ஆசாமி இப்படிக் கரைந்தால் உடனே காரணம் கண்டுபிடி என்று டாக்டரை விரட்டியது. அவர் பதறிப்போய் அனந்தலக்ஷ்மியை உள்ளே கூப்பிட்டார்.

அவள் முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டாள். "எனக்கும் கவலையாத்தான் இருக்கு டாக்டர். எல்லா டெஸ்டும் எழுதுங்கோ. ரிசல்ட் வரவரைக்கும் வெறும் கஞ்சி குடுக்கறேன். இனிப்புப் பக்கமே விடமாட்டேன்."

டாக்டர் தலையாட்டினார். உண்மையைச் சொன்னால் எடை எண்பதைத் தாண்டிவிடும், சந்தேஷ் போச்சு. சொல்லாவிட்டால் கஞ்சி. டெஸ்ட் சீட்டை வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் அதே மூலைக் கடை. அவள் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, ஒரே இலையில் இரண்டு சந்தேஷ் வாங்கினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டையும் நிதானமாக அவளே சாப்பிட்டாள். அப்புறம் பையை என் பக்கம் தள்ளினாள்.

"மேஜையை அவ்வளவு கெட்டியாப் பிடிச்சுண்ட கைதானே? இதையும் பிடிச்சுண்டு வாங்கோ."