மத்திக் கிடங்கில் ஒரு சூப்பர் கம்ப்யூட்டர்

ஸ்பாக்ஸ் துறைமுகம்,
ஆகஸ்ட் 12, செவ்வாய்.

மதிப்பிற்குரிய அண்ணன் ஹமாதி அவர்களுக்கு, தம்பி முன்ஜி ஸலாம் கூறி எழுதிக்கொண்டது. துனிஸில் நீங்களும் அண்ணியும் அண்ணியின் முழங்காலும் சுகமாக இருக்க அல்லாஹ் அருளட்டும். இங்கே என் வீட்டுக்காரி நஸீஹா சுகம், அவள் வாயும் சுகம். நான் மட்டும் சுகமில்லை. காரணம் நீங்கள் கேட்டிருக்கும் கேள்விதான்.

“உன் மகள் ஷீராஸ் கட்டிய சூப்பர் கம்ப்யூட்டர் உன் மீன் கிடங்கில்தான் ஓடுகிறதாம். அதற்கு ஆஸ்பத்திரியில் ஓர் அறை ஒதுக்கலாமா என்று எங்கள் குழு திங்களன்று முடிவு செய்கிறது. அது நிஜ இயந்திரமா, விளையாட்டுச் சாமானா? உள்ளதைச் சொல்” என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்ற மகள் என்று பார்க்காமல் சொல்கிறேன்: விளையாட்டுச் சாமான். அதுவும் பழைய விளையாட்டுச் சாமான்.

பாப் ஜெப்லி பக்கம் ஒரு கேம் கடை இழுத்து மூடப்பட்டது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அங்கே பயல்கள் திரையில் ஒருவனையொருவன் சுடும்போது ரத்தம் தத்ரூபமாகத் தெறிக்க வேண்டும் என்பதற்காகவே செய்த கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கார்டுகள் பதின்மூன்று இருந்தன. பிரான்ஸில் பட்டம் வாங்கி வந்த என் மகள், ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இயந்திரங்களுக்குப் பொறுப்பாக இருக்கிற என் மகள், அந்தப் பதின்மூன்றையும் தூக்கி வந்தாள். நாற்காலிகளையும் சேர்த்து எடுத்தால்தான் கார்டு என்று கடைக்காரன் ஒற்றைக் காலில் நின்றானாம், இவளும் சரி என்றுவிட்டாள். ஆக இப்போது என் வரவேற்பறையில் பந்தய கார் சீட்டு மாதிரி பதினான்கு நாற்காலிகள். போன வாரம் பக்கத்து வீட்டில் ஒருவர் இறந்தார், துக்கத்துக்கு வந்தவர்களை எங்கள் வீட்டில்தான் உட்காரவைத்தோம். அப்படி வந்த நஸீஹாவின் பெரிய மாமா ஒன்றில் உட்கார்ந்து ஏதோ கைப்பிடியைத் தொட்டார், அடுத்த நொடி கால் இரண்டும் கூரையைப் பார்க்கப் படுத்துவிட்டார். துக்கத்துக்கு வந்த எல்லோரும் சிரித்தார்கள், இறந்தவரின் மனைவி உட்பட.

முதலில் வீட்டில்தான் வைத்து ஓட்டினாள். நம் வீட்டில் ஆகஸ்ட் மாதம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், இது வந்த பிறகு ஆகஸ்ட்டுக்குள் இன்னொரு ஆகஸ்ட். நஸீஹா அதன் முன்னால் மிளகாய்ச் சரத்தைத் தொங்கவிட்டாள், ஒரே நாளில் சருகாகக் காய்ந்தது. இந்த இயந்திரம் இதுவரை செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான். தெருவுக்கே ஃபியூஸ் போனபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். மறுநாள் மகள் குழைந்துகொண்டு வந்தாள்.

“பாபா, கிடங்குல அந்த முன்னறை சும்மாத்தானே கிடக்கு?”

“சும்மா கிடக்கலடி, குளுகுளுன்னு கிடக்கு. அந்தக் குளிருக்குத்தான் மாசாமாசம் கரண்டு பில் கட்டி அழுறேன்.”

“அந்தக் குளிருதான் பாபா எனக்கு வேணும்.”

மகளாய்ப் பிறந்தவள் இப்படிக் கேட்டால் எந்தத் தகப்பன் மறுப்பான்? நான் மறுத்தேன், அண்ணே. மூன்று நாள் மறுத்தேன். நான்காம் நாள் போனால் மத்தி அடுக்கும் பிளாஸ்டிக் கூடைகளில் கார்டுகளைச் சொருகி, கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கயிற்றால் கட்டி, பதின்மூன்று விசிறியும் பறக்க ஓட்டிக்கொண்டிருக்கிறாள். உலகத்திலேயே மீன் கவுச்சி அடிக்கும் சூப்பர் கம்ப்யூட்டர் இதுவாகத்தான் இருக்கும். இதற்குள் மருத்துவ விஞ்ஞானம் நடக்கிறதாம்!

உங்கள் கோப்பில் ஒரு பத்திரிகைப் படம் இருக்குமே, மூன்று பேராசிரியர்கள் பளபளப்பான உருக்கு இயந்திரத்தின் முன்னால் கைகட்டி நிற்பது? அது என் ஐஸ் மெஷின். அவர்கள் வந்த அன்று ஷீராஸ் வர நேரமாகிவிட்டது. எங்கே இயந்திரம் என்றார்கள், உள்ளே என்றேன். நேராக அதன் முன்னால் போய் நின்று “என்ன கம்பீரம்! சூடே இல்லையே!” என்று மூக்கில் விரல் வைத்தார்கள். அந்த நேரம் பார்த்து உள்ளே தடதடவென்று ஐஸ் கொட்டியது. “என்ன, கணக்கு முடிஞ்சிடுச்சா?” என்றார் ஒருவர். “முடிஞ்சுது ஐயா, வேணும்னா ஒரு கூடை அள்ளிட்டுப் போங்க” என்றேன். குறிப்பேட்டில் அதையும் எழுதிக்கொண்டார். இவர்கள்தான் உங்கள் குழுவுக்கு அறிக்கை தந்தவர்கள்.

அது என்னதான் செய்கிறது என்று கேட்பீர்கள். ஃபராஜ் என்று ஒரு மீனவன், கெர்க்கென்னா தீவுக்காரன், எனக்கு மத்தி போடுகிறவன். அவனுக்கு யுஸ்ரா என்று நான்கு வயதுப் பெண். நெஞ்சுக்குள் ஒரு கட்டி. மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன். சின்ன உடம்பில் இத்தனை கதிரைப் பாய்ச்சக் கூடாது என்று ஷீராஸ் கால் பங்கு கதிரில் எடுத்திருக்கிறாள். அப்படி எடுத்தால் படம் ஓட்டை ஓட்டையாக இருக்கும், அந்த ஓட்டைகளைக் கணக்குப் போட்டு நிரப்புவதுதான் இதன் வேலையாம். ஒரு படத்துக்கு நாற்பது மணி நேரம். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து. வியாழன் காலை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நெஞ்சைத் திறப்பதா வேண்டாமா என்று டாக்டர் சொல்வார். இப்போது ஃபராஜ் கடலுக்கே போவதில்லை. கூடைக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறான். நான் உள்ளே வரும்போதெல்லாம் “முதலாளி, எத்தனை சதவீதம்னு பாத்துச் சொல்லுங்க, எனக்குப் படிக்கத் தெரியாது” என்கிறான். மீனும் இல்லை, மீனவனும் இல்லை, நான் சதவீதம் வாசிக்கிறேன்!

ஆகவே அண்ணே, அறை வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். அரசாங்கம் வெளிநாட்டிலிருந்து பெரிய இயந்திரமாக வாங்கட்டும். இவள் கார்டுகளை விற்றுவிட்டு மற்றப் பெண்களைப் போல ஆறு மணிக்கு வீடு வந்து சேரட்டும். அண்ணிக்கு எங்கள் ஸலாம். பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளும், கம்ப்யூட்டர் பக்கம் போகாத புத்தியும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
முன்ஜி.

பின்குறிப்பு (வியாழன்): வேன் டிரைவரிடம் கொடுக்கலாம் என்று இந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். நேற்று மதியம் துறைமுகம் முழுக்கக் கரண்டு போய்விட்டது. என் ஜெனரேட்டர் ஒன்றைத்தான் தாங்கும், குளிரையோ மகளின் கார்டுக் கூடைகளையோ. கார்டுகளுக்கு ஷீராஸ் வைத்திருந்த பாட்டரி பத்து நிமிடம் தாக்குப்பிடிக்கும். உள்ளே அன்று காலையில் ஏற்றிய அறுபது கூடை மத்தி, இன்னும் உறையவில்லை. போனில் மகளைப் பிடித்தேன். “எட்டு மணி நேரம் பாக்கி இருக்கு பாபா. ஆனா அது உங்க கிடங்கு, உங்க பொழப்பு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றாள். ஃபராஜ் எழுந்து நின்றான். எத்தனை சதவீதம் என்றுகூடக் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை, அண்ணே. குளிரை நானே என் கையால் அணைத்தேன்.

துறைமுகத்துப் பூனைகளுக்கு இன்று பெருநாள். படத்தில் கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது. நெஞ்சைத் திறக்க வேண்டாம் என்றார் டாக்டர். ஃபராஜ் என் தோளில் முகம் வைத்து அழுதான். மீன்காரன் மேல் மீன்காரன் விழுந்து அழுதால் எப்படி நாறும் என்று யோசித்துக்கொள்ளுங்கள், நானும் அழுதுவிட்டேன்.

மேலே எழுதியதில் ஒரு வரியையும் நான் அடிக்கவில்லை, எல்லாம் உண்மை. ஆனால் அறையைக் கொடுத்துவிடுங்கள், நல்ல கரண்டு உள்ள அறையாக. சீக்கிரம் கொடுங்கள். இன்று காலை அடுத்த குழந்தையின் படத்தை ஏற்றிவிட்டாள், அது முடிகிறவரை நான் மத்தி வாங்குவதாக இல்லை.