அறுபத்து நான்கு ஜிபி போதும் என்று சொன்னவன்

புதுக் கைப்பேசி வாங்கப்போகும் யாராவது, "மெமரி எவ்வளவு இருந்தால் போதும்?" என்று எங்கள் வீட்டில் கேட்டுவிட்டால், எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அது மரியாதையால் வரும் பார்வை இல்லை. என் மனைவி மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள், நிம்மதியாகச் சிரிப்பதற்கு.

மலேசியாவின் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் நான் ஸ்டோர் கிளார்க். எந்தப் பெட்டி எந்த அடுக்கில், எதை நகர்த்தினால் எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. (அப்படித்தான் அப்போது சொல்லிக்கொண்டு திரிந்தேன்.) அதனால், சில வருஷங்களுக்கு முன் போன் கடையில் மல்லிகா பெரிய மெமரி உள்ளதை எடுக்கச் சொன்னதும், கடைக்காரச் சீன அக்காவும் "அண்ணே, அம்பில் யாங் பெசார் லா" என்று மலாயில் சொல்லி அந்தப் பெரியதையே நீட்டியதும் எனக்கு ரோஷத்தைக் கிளப்பிவிட்டன. இடம் அதிகம் இருந்தால் குப்பைதான் சேரும் என்று அங்கேயே ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அறுபத்து நான்கு ஜிபி ஒரு குடும்பத்துக்கே போதும் என்று முடித்தேன். அந்த அக்காவுக்குத் தமிழ் தெரியாததால் அவர் தப்பித்தார். மல்லிகாவுக்குத்தான் விதி.

ஒரு வருஷத்திலேயே போன் திணற ஆரம்பித்தது. முதல் காரணம் சாமிகள். நாங்கள் முன்பு குடியிருந்த ரப்பர் தோட்டம் கைமாறி, சனமெல்லாம் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்த பிறகு எங்களை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது ஒரு வாட்ஸாப் குழு. அதில் தினமும் விடிவதற்குள் முருகன், மாரியம்மன், பிள்ளையார் எல்லோரும் ரோஜாப்பூவோடும் காலை வணக்கத்தோடும் வந்து இறங்கிவிடுவார்கள். வந்தவர்களை அனுப்ப முடியாது. தோட்டத்தில் பழைய நாள்காட்டியில் இருந்த சாமி படத்தைக்கூட நாங்கள் குப்பையில் போட்டதில்லை; கத்தரித்துக் கோயில் மரத்தடியில் கொண்டுபோய் வைப்போம். போனுக்குள் இருக்கும் முருகனை எந்த மரத்தடியில் வைப்பது? குப்பைத்தொட்டிப் படம் போட்ட பொத்தானை அமுக்கி அவரை அனுப்பக் கூடாது என்று அம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார்.

இரண்டாவது காரணம் என் தம்பி சேகரின் கல்யாணம். அதாவது, நடக்காத கல்யாணம்.

சேகர் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். தங்கமான பிள்ளை. பேசச் சொன்னால் சிரிப்பான், சிரிக்கச் சொன்னால் தரையைப் பார்ப்பான். வயது முப்பத்தைந்து ஆகிவிட்டது. அம்மாவுக்கு முட்டி ஆப்பரேஷன் ஆனதிலிருந்து காரில் தூரம் போக முடியாது என்பதால், பெண் பார்க்கப் போகும் இடமெல்லாம் நான் வீடியோ எடுத்துவர வேண்டும். அதை அம்மா நாற்காலியில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். பெண்ணைப் பார்ப்பதற்குமுன் பின்னால் தெரியும் சமையலறையைப் பார்ப்பார். சரிப்படாமல் போனதையும் அழிக்க விடமாட்டார். சேகருக்கு முடிகிற வரைக்கும் எதுவும் கைவசம் இருக்கட்டும் என்பார். நானும் ஸ்டோர் புத்தியில் ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டு வைத்தேன்: 'கமுந்திங் பெண்', 'ஈப்போ பெண், கண்ணாடி', 'ஈப்போ பெண், அப்பா அதிகம் பேசுகிறார்'. இப்படி.

இதற்குள் குழுவில் இருப்பவர்களிடையே எங்களைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. அந்த வீட்டுக்காரர்கள் போகிற இடத்திலெல்லாம் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டுப் பெண்ணை வேண்டாம் என்கிறார்கள் என்று. எங்களை வேண்டாமென்று சொன்ன வீடுகள்தான் அதிகம். ஆனால் ஊர் வாய்க்கு அந்தக் கணக்கு வேண்டியதில்லையே. பெண் கொடுக்க ஆள் குறைந்துகொண்டே வந்தது. பீடோரில் கொய்யாத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவருடைய மகள் யமுனாவின் படம் வந்தபோது, தரகர் என்னைத் தனியாக அழைத்து, அவர்களுக்கும் இந்தப் பேச்சு எட்டியிருக்கிறது, அரை மனசோடுதான் வரச் சொல்லியிருக்கிறார்கள், இதுவும் கெட்டால் இனி இந்த வட்டாரத்தில் தன்னால் வாய் திறக்க முடியாது என்றார். சேகரோ அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து வழக்கத்துக்கு அதிகமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளம்பும் காலையில் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டான்.

பீடோருக்குப் போனோம். யமுனா ஒரு கிளினிக்கில் கவுன்டரில் வேலை பார்ப்பவள். கேசரி, வடை, மீகூன் எல்லாம் வைத்தார்கள். அவளுடைய அப்பா அளந்து அளந்துதான் பேசினார். அந்த இறுக்கத்தைத் தளர்த்தலாம் என்று நான் ஒரு யோசனை சொன்னேன். (என் யோசனைகளைப் பற்றி மல்லிகா தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்.) மல்லிகாவின் போனை வீட்டில் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். அம்மா நேரடியாகவே பெண்ணிடம் பேசட்டும், வீடியோ கால் போடுகிறேன் என்றேன். யமுனாவின் அப்பா முகம் கொஞ்சம் மலர்ந்தது. புதிதாக வாங்கிய பெரிய டிவி சுவரில் இருந்தது. சம்பந்தியம்மா பெரிதாகத் தெரியட்டுமே என்று என் போனை அந்த டிவியோடு இணைத்துக் கொடுத்தார்.

என் போனின் முகப்பு சுவரளவுக்கு விரிந்தது. நான் வாட்ஸாப்பைத் தொட்டேன். திறக்கவில்லை. இடம் இல்லை, எதையாவது அழித்தால்தான் வேலை செய்வேன் என்று அது டிவியிலேயே எழுதிக் காட்டியது.

சேகரின் போனை வாங்கியிருக்கலாம். பெண் பார்க்கிற இடத்தில் மாப்பிள்ளை கையில் போன் இருப்பது மரியாதையில்லை என்று அதை நானே பிடுங்கிக் காருக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். எழுந்து போய் எடுத்து வரலாம்தான். ஆனால் ஸ்டோர் கிளார்க்குக்கு இடம் உண்டாக்கத் தெரியாதா என்ற கௌரவம் என்னை நாற்காலியோடு வைத்து அழுத்தியது. அழிக்க உட்கார்ந்தேன்.

முதலில் சாமிகள். அம்மா எதிரில் இல்லை என்ற தைரியத்தில் வரிசையாகத் தேர்வு செய்தேன். டிவியில் ஒவ்வொரு முருகன் நெஞ்சிலும் ஒரு நீல டிக் விழுந்தது. யமுனாவின் அம்மா தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, எங்க வீட்டுக்கு வந்து முருகன அழிக்கிறீங்க?"

போட்ட டிக்குகளையெல்லாம் அவசரமாக எடுத்துவிட்டேன். அடுத்து, எந்தக் கோப்பு அதிக இடம் பிடிக்கிறது என்று போனையே கேட்டேன். அது நாணயமாகப் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசைப்படுத்தி டிவியில் போட்டது. கமுந்திங் பெண். ஈப்போ பெண், கண்ணாடி. ஈப்போ பெண், அப்பா அதிகம் பேசுகிறார். என் அழகான பெயர்கள், முழ நீளத்துக்கு ஒவ்வோர் எழுத்து.

யமுனாவின் அப்பா மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நிதானமாக வாசித்தார். ஊரில் பேசிக்கொண்டது சரிதான் போலிருக்கிறது என்று அவர் தன் மனைவியிடம் சொன்னது மெதுவாகத்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. சேகரின் காது நுனி சிவந்துவிட்டது. யமுனா தலை நிமிரவில்லை. எனக்கு அந்த நேரத்தில் பூமி பிளந்திருந்தால் முதல் ஆளாக உள்ளே போயிருப்பேன்.

வரிசையின் தலையில், எல்லாவற்றையும்விடப் பெரியதாக, பெயரில்லாத ஒன்று இருந்தது. படம் முழுக்கக் கறுப்பு. இதை ஒழித்தால் போதும் என்று தொட்டேன். அழிவதற்குப் பதிலாக ஓடத் தொடங்கியது. நிறுத்தப் பார்த்தேன். போன் உறைந்துவிட்டது. எதை அமுக்கினாலும் கல் மாதிரி கிடந்தது.

டிவி கறுப்பாகவே இருந்தது. கார் ஓடும் சத்தம் மட்டும் அறை முழுக்கக் கேட்டது. பிறகு ஓர் ஏப்பம். அது என்னுடையது. அதற்குப் பின், கேசரியில் முந்திரியே இல்லை, கஞ்சப்பயல் வீடு என்று என் குரல். அப்போதுதான் புரிந்தது. எப்போதோ ஓர் ஊரில் பெண் பார்த்துவிட்டு, வீடியோவை நிறுத்துவதாக நினைத்து மறுபடி ஓடவிட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஈப்போ வரைக்கும் வந்திருக்கிறேன். யமுனாவின் அம்மா மேசையிலிருந்த கேசரியைப் பார்த்தார். அதில் முந்திரி இருந்தது என்பது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஆறுதல்.

அடுத்துக் கேட்டது சேகரின் குரல்.

"அண்ணே, அந்தப் புள்ள அழுதிருக்குண்ணே. கண்ணப் பாத்தேன். வீட்டுல கட்டாயப்படுத்தி உக்கார வச்சிருக்காங்க. நம்மளே வேணாம்னு சொல்லிருவோம். அது வேணாம்னு சொன்னா அதுக்குத்தான் திட்டு விழும்."

"உனக்கு வயசு என்னா ஆகுது தெரியுமா? இப்படியே எல்லாருக்கும் பாவம் பாத்தீன்னா கெழவனா போயிருவடா. ஊருல நம்மளத்தான் பேசுவாங்க."

"பேசட்டும்ணே. பரவால்ல லா."

அதற்குமேல் கார் சத்தம்தான். மல்லிகா என்னைப் பார்த்த பார்வையில், இதை ஏன் என்னிடம்கூடச் சொல்லவில்லை என்ற கேள்வி இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் ஜாதகம் சரியில்லை என்று சொல்லித் தம்பி கேட்டபடி முடித்து வைத்திருந்தேன். பிறகு அதை மறந்தும் போயிருந்தேன். மறக்காமல் வைத்திருந்தது அந்தத் திணறிக்கொண்டிருந்த போன்தான்.

யமுனாவின் அப்பா கண்ணாடியைக் கழற்றினார். குரல் மாறியிருந்தது. அது எந்த ஊர்ப் பெண், யார் வீட்டுப் பிள்ளை என்று ஆர்வமாகவே கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சேகர் எழுந்து நின்றுவிட்டான். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவன்.

"வேண்டாங்க மாமா. அத மட்டும் கேக்காதீங்க."

பெண் கொடுக்கப்போகிறவரிடம் அப்படிச் சொல்லலாமா என்று எனக்கு வியர்த்தது. அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டால் எல்லாம் முடிந்தது. ஆனால் பேசியது அவரில்லை, யமுனா.

"அண்ணே, அந்த வீடியோவ அழிச்சிருங்க" என்று என்னிடம் சொன்னாள். பிறகு சேகர் பக்கம் திரும்பி, சாதாரணமாகக் கேட்டாள். "எனக்குப் புடிக்கலன்னாலும் நீங்களே வேணாம்னு சொல்லிருவீங்களா?"

"சொல்லிருவேன்" என்றான் சேகர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப சொல்ல வேண்டாம்."

இதன் பொருள் எங்களுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதலில் விளங்கியது அவளுடைய அம்மாவுக்கு. தேநீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சேகரின் தட்டில் இன்னொரு கரண்டி கேசரி போட்டார். எனக்குப் போடவில்லை.

போனை அணைத்து மீண்டும் உயிர்ப்பித்து, யமுனா சொன்னபடி அந்தக் கறுப்பு வீடியோவை அழித்தேன். உடனே இடம் கிடைத்தது. அழைப்பும் போனது. சுவர் முழுக்க அம்மாவின் நெற்றியும் விபூதியும் வந்து, "பொண்ணு எங்கடா? சமையக்கட்டையும் காட்டு" என்றது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதென்று அம்மாவுக்குத் தெரியாது.

இப்போது யமுனா எங்கள் வீட்டு மருமகள். என்னிடம் இருப்பது சீன அக்கா அன்றைக்கு நீட்டியதைவிடப் பெரிய மெமரி. இருந்தும் பீடோர்ப் பக்கம் எனக்கு 'இடமில்லாத அண்ணன்' என்றுதான் பெயர். பந்தியில் உட்கார்ந்தால், வயிற்றில் இடம் இருக்கிறதா, எதையாவது அழிக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் சோறு போடுவார்கள். அந்த வீடியோ வேண்டுமென்று கேட்காத சொந்தம் இல்லை. அது எங்கே இருக்கிறது? அதனால் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக் காட்டுகிறார்கள். என் ஏப்பம் வருஷத்துக்கு வருஷம் நீள்கிறது. யமுனாவின் அப்பா சொல்லும்போது சேகர் காரில் ஒரு பிரசங்கமே செய்கிறான். வீட்டிலிருந்த அம்மா, எல்லாவற்றையும் டிவிக்குள்ளிருந்து தானே பார்த்ததாகச் சொல்கிறார். அவ்வளவு பேசவில்லை என்று மறுப்பது சேகர் மட்டும்தான்.

எதை வேண்டுமானாலும் கூட்டிச் சொல்கிறவர்கள், அந்தப் பெண்ணின் ஊருக்கு வரும்போது, எல்லோரும் 'ஓர் ஊர்' என்றே சொல்லித் தாண்டிவிடுகிறார்கள். யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. போன தீபாவளிக்கு அம்மாதான் என்னைச் சாமி அறைக்குள் அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"எனக்கு மட்டும் சொல்லுடா. எந்தப் பொண்ணு அது?"

"ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

அம்மா நம்பவில்லை. ஆனாலும் என் நெற்றியில் விபூதி பூசிவிட்டு, கதவைத் திறந்து என்னைச் சாப்பிடப் போகச் சொன்னார்.