வளைவில் சாயாத வண்டி

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதற்குப் பிறகு உலகில் நடந்த குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி, என் அக்காவின் காருக்கு ஸ்பிரிங் மாற்றியது. இடையில் சில பேரரசுகள் வந்து போயின. அவற்றால் எந்த வண்டியும் வளைவில் சாயாமல் போனதாகத் தகவல் இல்லை.

இந்த மகத்தான பணியில் நான் செயலாளர். ஆகவே நடுநிலையோடு எழுதுகிறேன்.

அக்கா கேக் செய்து விற்பவள். வீட்டுச் சமையலறைதான் தொழிற்சாலை. அந்த வருமானத்தில் ஒரு பழைய சின்னக் காரை வாங்கினாள். கார் அவள் பெயரில் இருந்தது. பின்சீட்டை மடித்துவிட்டால் கேக் பெட்டி வசதியாக உட்காரும். ஒரே குறை, ரவுண்டானாவில் திரும்பும்போது கார் ஒரு பக்கமாகச் சாயும். மேல் அடுக்கு கீழ் அடுக்கை விட்டு விரலகலம் நகரும். அக்கா ஓரம் கட்டி, கத்தியும் கிரீமுமாகப் பெட்டிக்குள் குனிந்து, ஒட்டுப்போட்டுவிட்டுப் போவாள்.

அந்தச் சமயத்தில் ஒரு பெரிய ஓட்டல் அவளிடம் மாதிரிக்கு ஒரு மூன்றடுக்கு கேக் கேட்டது. சேதமில்லாமல் வந்து சேர்ந்தால் வாராவாரம் ஆர்டர். இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்பார்கள். மூன்றடுக்கில் ஒட்டுப்போட்டால் தெரிந்துவிடும்.

சாப்பிடும்போது அத்தானிடம் சொன்னாள்.

"வளைவுல வண்டி ரொம்ப சாயுதுங்க. டயரும் மொட்டையாயிடுச்சு. மெக்கானிக்கிட்ட காட்டணும்."

சாதாரணக் கணவன் மெக்கானிக்கிடம் போயிருப்பான். அத்தான் சாதாரண மனிதரல்ல. ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அங்கே ஒரு ஜன்னலின் கீல் கழன்றபோது மூன்று அடுக்குக் குழு அமைத்தவர். ஜன்னல் இன்றும் பரிசீலனையில் இருக்கிறது. காற்று மட்டும் முன் அனுமதி இல்லாமல் வந்து போகிறது.

அத்தான் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, "இது தனிமனிதர் முடிவு பண்ற விஷயம் இல்லம்மா" என்றார்.

இவ்வாறு தோன்றியதே 'சிறுகார் கையாளுதிறன் மேம்பாட்டு உயர்மட்டக் குழு'. உயர்மட்டம் என்பதற்குக் காரணம், உறுப்பினர்களில் ஒருவரான பல் டாக்டர் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். இன்னொருவர் ரேஸ்காரர். அவரிடம் கார் கிடையாது, ஓட்டுநர் உரிமமும் கிடையாது. ஆனால் உலகத்தில் நடந்த எல்லாக் கார்ப் பந்தயங்களையும் சோபாவில் படுத்தபடி பார்த்தவர். தலைவர் அத்தான். அக்கா குழுவில் இல்லை. அவள் 'பயனாளி'.

குழுவின் முன் இருந்த கேள்வி ஒன்றுதான். எதை முதலில் மாற்றுவது?

டயர் என்று நான் சொல்லிப் பார்த்தேன். தலைவர் வருத்தத்தோடு என்னைப் பார்த்தார். புது டயர் போட்டால் கார் பழைய மாதிரியே இருக்கும், முன்னேற்றம் நடந்ததை நாலு பேர் எப்படி அறிவார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. டயர் கைவிடப்பட்டது.

அடுத்து ஷாக் அப்சார்பர். மேடு பள்ளத்தில் கார் துள்ளுவதை அடக்குகிற குழாய் அது. அதையும் ஸ்பிரிங்கையும் சேர்த்து 'சஸ்பென்ஷன்' என்பார்கள். பழையதில் எண்ணெய் கசிந்திருந்தது. ஆனால் அது உள்ளே ஒளிந்துகொண்டு வேலை செய்கிறது. 'வெளிப்படைத்தன்மை' இல்லாத ஒன்றை ஆதரிக்க முடியாது என்று தலைவர் தீர்ப்பளித்தார்.

பல் டாக்டரிடம் ஒரு கொள்கை இருந்தது. ஆடுகிற எதையும் பிடுங்கிவிட வேண்டும். காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து, எல்லாமே ஆடுகிறது என்று அறிக்கை தந்தார். எல்லாவற்றையும் பிடுங்கினால் கார் இருக்காது என்று ரேஸ்காரர் சுட்டிக்காட்டினார். டாக்டர் அதை ஒரு குறையாகக் கருதவில்லை.

அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு, டயரை மாற்றினால் போதுமே என்றாள். அவளுடைய 'உணர்வு' பதிவு செய்யப்பட்டது.

இறுதியில் ஸ்பிரிங் வென்றது. அது சிவப்பு நிறத்தில் வருகிறது, சக்கரத்துக்கு மேலே இருக்கும் இடுக்கில் பளிச்சென்று தெரியும் என்று ரேஸ்காரர் சொன்னார். இந்தத் தொழில்நுட்பக் காரணத்தைக் குழு ஒருமனதாக ஏற்றது.

மெக்கானிக் எங்களை அன்போடு வரவேற்றார். அவர் எதற்கும் மறுப்புச் சொல்கிறவரல்ல.

"எதை வேணா போடலாம் சார். பிடிக்கலன்னா கழட்டவும் நான்தானே இருக்கேன்."

அவருடைய தொலைநோக்கைக் குழு பாராட்டியது.

ஸ்பிரிங் மூன்று விதம். இளக்கம், நடுத்தரம், இறுக்கம். மூன்றையும் மாட்டி ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று முடிவாயிற்று. இங்கேதான் எங்கள் குழுவின் நேர்மை வெளிப்பட்டது. தலைவர் ஒரு விதி கொண்டுவந்தார். 'கோரம்' என்கிற குறைந்தபட்ச உறுப்பினர் வருகை இல்லாத சோதனை செல்லாது. அதாவது குழுவின் நான்கு பேரும் காருக்குள் இருந்தால்தான் அது சோதனை. ஒருவர் குறைந்தாலும் அது வெறும் பயணம்.

தலைவர் ஓட்டினார். பக்கத்தில் ரேஸ்காரர். அவருடைய முழங்கால்களுக்கு முன்சீட்டே போதவில்லை. பின்னால் பல் டாக்டரும் நானும். டாக்டர் அகலமானவர், நான் மிச்சமிருந்த இடத்தில் இருந்தேன். விடுமுறை நாள் என்பதால் அலுவலகத்தின் பின்புற மைதானம் காலியாகக் கிடந்தது. அங்கே வட்டமடித்தோம்.

இளக்கமான ஸ்பிரிங்கில் கார் எங்கள் பாரத்தில் அமுங்கி, வளைவில் வழுக்கிப் படுத்தது. நிராகரித்தோம். நடுத்தரமும் சாய்ந்தது. இறுக்கமான ஸ்பிரிங் போட்டதும் அற்புதம் நிகழ்ந்தது. கார் சாயவில்லை. பல் டாக்டர் தன் கிளினிக்கிலிருந்து வாய் கொப்புளிக்கும் தம்ளரை நிறைய நீரோடு கொண்டுவந்திருந்தார். ஒரு சொட்டுகூடத் தளும்பவில்லை. மைதான வாசலில் இருந்த வேகத்தடையில்கூட மெத்தைமேல் ஏறி இறங்கியது போலத்தான் இருந்தது. தலைவருக்குக் கண் கலங்கியது. அவர் தலைமையில் ஒரு வேலை முடிந்தது அதுவே முதல் தடவை.

அக்கா மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே வந்தாள்.

"நானும் ஒரு சுத்து ஓட்டிப் பாக்கட்டுமாங்க?"

தாராளமாக ஓட்டலாம் என்றார் தலைவர். ஆனால் அவள் ஏறினால் யாராவது ஒருவர் இறங்க வேண்டும். இறங்கினால் கோரம் போய்விடும். விதியில் இடமில்லை, காரிலும் இடமில்லை. அக்கா சிவப்பு ஸ்பிரிங்கைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வீட்டுக்கு நடந்தாள்.

சில நாள் கழித்து, ஒரு பிறந்தநாள் விழாவுக்கான இரண்டடுக்கு கேக்கோடு அவள் தனியாகக் காரை எடுத்துப் போனாள். குழுவுக்கு முன்னறிவிப்பு இல்லை.

நடந்ததைத் திரிக்காமல் சொல்கிறேன். கேக் சாயவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். குதித்தது. நான்கு பேரின் எடைக்காகத் தேர்ந்தெடுத்த ஸ்பிரிங், ஒரு பெண்ணையும் ஒரு கேக்கையும் பொருட்படுத்தவே இல்லை. சின்னக் கல்லுக்கும் கார் எழும்பி விழுந்தது. கசிந்துபோன ஷாக் அப்சார்பரால் அதை அடக்க முடியவில்லை. முதல் வேகத்தடை தாண்டியபோது மேல் அடுக்கு பெட்டியின் மூடியில் போய் ஒட்டிக்கொண்டது. கீழ் அடுக்கு கீழேயே இருந்தது. கடமை தவறாத அடுக்கு.

அக்கா பெட்டியோடு திரும்பி வந்தாள். அழவில்லை. கூடத்து மேசைமேல் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, விழா வீட்டுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டாள். அப்புறம் சமையலறைக்குள் போய் மறுபடி மாவைக் கலந்தாள்.

குழு அவசரமாகக் கூடி விசாரணை நடத்தியது. பல் டாக்டர் ஒரு விள்ளல் எடுத்து மென்று பார்த்தார்.

"கேக் ரொம்ப சாஃப்ட்டா இருக்கு. இன்னும் கொஞ்சம் கெட்டியா சுட்டா என்ன?"

அவர் தொழில்ரீதியாக யோசிக்கிறார் என்று ரேஸ்காரர் என் காதில் சொன்னார். ஆனாலும் அவரும் ஒரு விள்ளல் எடுத்துக்கொண்டார். விசாரணை முடிந்தபோது தடயம் எதுவும் மிஞ்சவில்லை.

முடிவு தெளிவாக இருந்தது. கார் குற்றமற்றது. கோரம் இல்லாமல் ஓட்டப்பட்டதே விபத்துக்குக் காரணம்.

அக்கா மாவுக் கையோடு வாசற்படியில் நின்று கேட்டாள். பழைய ஸ்பிரிங்கையே போட்டுவிடலாமா? ஓட்டலுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. அதோடு டயர்.

நிறைவேறிய தீர்மானத்தை உடனே மாற்றினால் மற்றத் தீர்மானங்களுக்கும் மதிப்பிருக்காது என்று தலைவர் விளக்கினார். தவிர, பழைய ஸ்பிரிங் ஒன்றைப் பல் டாக்டர் தன் கிளினிக் வாசலில் குடை செருகி வைக்க எடுத்துப் போய்விட்டார். நோயாளிகளுக்குப் பழகிவிட்டதாம். கவலைப்பட வேண்டாம், ஓட்டல் நாளன்று முழுக் குழுவும் காரில் வந்து கோரத்தை உறுதிசெய்யும் என்று தலைவர் வாக்களித்தார்.

அக்கா மாவுக் கையோடு சமையலறைக்குத் திரும்பினாள். அவள் மௌனம் சம்மதமாகப் பதிவானது.

அந்த நாள் வந்தது. மூன்றடுக்கு கேக் வெள்ளை வெளேரென்று மேசைமேல் நின்றது. அக்கா விடியுமுன் எழுந்து செய்தது. கண்கள் சிவந்திருந்தன, ஸ்பிரிங்கைவிடச் சற்றுக் குறைவாக. நாங்கள் இஸ்திரி போட்ட சட்டையில் காரில் ஏறி அவரவர் இடத்தில் அமர்ந்தோம். பின்சீட்டை நிமிர்த்தியாயிற்று. கார் கம்பீரமாக அமுங்கியது. அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

காருக்குள் பார்த்தாள். முன்னால் பார்த்தாள். பின்னால் பார்த்தாள்.

"கேக் எங்க வைக்கிறது?"

இந்தக் கோணத்தில் குழு யோசித்திருக்கவில்லை. டாக்டர் இறங்கலாமா என்று நான் கேட்டேன். அவர் இறங்கினால் பின்பக்கம் எழும்பிக்கொள்ளும் என்று ரேஸ்காரர் எச்சரித்தார். அவரே இறங்கலாமே என்றார் டாக்டர். முன்பக்கம் என்ன ஆவது என்றார் ரேஸ்காரர். விவாதம் உயர்ந்த தரத்தில் நடந்தது.

"நான் எங்க உக்கார்றது?" என்றாள் அக்கா.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் தவறுவது அவருக்குப் பிடிக்காது.

"நாங்க முன்னாடி போறோம்மா. நீ பின்னாடியே வந்துடு."

அன்று போல் சுகமான பயணத்தை நான் அனுபவித்ததில்லை. ரவுண்டானாவில் கார் கோடு கிழித்தது போலத் திரும்பியது. அக்காவின் கேக் எங்களோடு இருந்திருந்தால் அசைந்தே இருக்காது. அது எங்களோடு இல்லை என்பது ஒன்றுதான் குறை.

ஓட்டல் வாசலில் மேலாளர் காத்திருந்தார். நாங்கள் இறங்கியதும் கார் பெருமூச்சு விட்டு உயர்ந்தது. அவர் எட்டிப் பார்த்தார்.

"கேக் எங்க?"

"பின்னாடி வருது" என்றார் தலைவர்.

"நீங்க யாரு?"

தலைவர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"நாங்க சஸ்பென்ஷன்."

மேலாளர் எங்கள் நால்வரையும் ஒருமுறை பார்த்தார். வாழ்க்கையில் பலவற்றைப் பார்த்த மனிதராகத்தான் தெரிந்தார். ஆனாலும் ஓர் அடி பின்வாங்கினார்.

அப்போது ஒரு வாடகைக் கார் வந்தது. எங்கள் காரைவிடப் பழையது. வாசலில் திரும்பும்போதே ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தது, பார்க்கச் சகிக்கவில்லை. பின்சீட்டில் அக்கா. மடியில் பெட்டி. கார் இடதுபக்கம் சாய்ந்தால் அவள் வலதுபக்கம் சாய்ந்தாள். வழி முழுக்க அப்படியே வந்திருக்கிறாள். இறங்கியபோது முதுகை நிமிர்த்தக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மேலாளர் மூடியைத் திறந்தார். மூன்று அடுக்கும் ஒன்றின்மேல் ஒன்றாக, இருந்தது இருந்தபடி இருந்தன. வாராவாரம் அனுப்ப முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாள் அக்கா.

குழு கைதட்டியது. தலைவர் முன்னால் வந்து, எங்கள் முயற்சி வீண்போகவில்லை என்று ஒரு சிற்றுரையைத் தொடங்கினார். அக்கா கைப்பையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்துக் காரின்மேல் வைத்தாள்.

"இனிமே இது உங்க வண்டிங்க. ஆளுக்கொரு சீட்டு, சரியா இருக்கு."

சொல்லிவிட்டுக் கேக்கோடு உள்ளே போனாள். அந்தச் சொற்களை 'கையளிப்பு' என்று நான் பதிவு செய்தேன்.

இப்போது அக்கா வாராவாரம் வாடகைக் காரில் போகிறாள். முதுகுக்கு ஒரு தைலம் தடவிக்கொள்கிறாள். நாங்கள் விடுமுறை நாள்தோறும் நான்கு பேராக ஊரைச் சுற்றி வருகிறோம். கார் எந்த வளைவிலும் சாய்வதில்லை. சிவப்பு ஸ்பிரிங்கைப் பார்த்துவிட்டுச் சின்னக் கார் வைத்திருப்பவர்கள் வழிமறித்து ஆலோசனை கேட்கிறார்கள். எங்களிடமும் ஒரு கார் இருக்கிறது, வளைவில் சாய்கிறது, முதலில் எதை மாற்றுவது?

ஸ்பிரிங்கா, டயரா என்று குழம்ப வேண்டியதில்லை. அனுபவத்தில் சொல்கிறோம். முதலில், அதை ஓட்டுகிறவளைக் காரிலிருந்து இறக்கிவிட வேண்டும். மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.